பொம்பர் ஜக்கெற்: மலிவு விலைத் தோல் மேலங்கியின் தரத்தை அறிவது எப்படி?

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் குடாநாட்டில் இருந்து கனடாவுக்கும் பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் புறப்படும் இளையோர் பலர். நகையை அடகு வைத்து, காணியை ஈடு வைத்துப் பயணச் செலவைத் திரட்டும் குடும்பங்கள், பெட்டி அடுக்கும் கடைசிக் கிழமையில் ஒரு குளிரங்கிக்கும் பணம் ஒதுக்குகின்றன. கடைகளிலும் இணையத்திலும் அப்போது கண்ணில் படுவது, முன்பக்கம் சிப் வைத்து, இடுப்பிலும் மணிக்கட்டிலும் பின்னல் பட்டி வைத்த கபில நிற ஜக்கெற். "அசல் லெதர்", "பொம்பர்", "ஏ-2" என்று அதற்குப் பல பெயர்கள்.

இவற்றுள் பல தோலே அல்ல. தோலாக இருப்பவற்றிலும் நல்லது, நடுத்தரம், குப்பை என்று வேறுபாடு உண்டு. கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற பொருள்தானா என்பதைக் கடையிலேயே கண்டறியப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் போதும்.

பெயரின் கதை

"பொம்பர்" என்ற சொல் எமது மக்களுக்குப் புதிதல்ல. சகடை, சியாமாசெட்டி, புக்காரா, கிபிர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் வருவதற்கு முன்னரும் பின்னரும், குண்டு போட வரும் விமானம் எதுவானாலும் அது பொம்பர்தான். அந்தச் சத்தம் கேட்டுப் பதுங்குகுழிக்குள் ஓடிய தலைமுறையின் பிள்ளைகள் இன்று அதே பெயர் கொண்ட உடுப்பை விரும்பி வாங்குகிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. தரத்தை அளப்பதற்கும் அந்த வரலாறு உதவும்.

ஆரம்பகால விமானங்களில் விமானியின் இருக்கை திறந்த வெளியிலேயே இருந்தது. உயரத்தில் அடிக்கும் காற்றைத் தடுக்கத் தோல் அங்கி தேவைப்பட்டது. அமெரிக்க இராணுவ வான்பிரிவு 1927இல் ஏ-1 என்ற பட்டன் வைத்த ஜக்கெற்றையும், 1931 மே மாதத்தில் அதற்குப் பதிலாகச் சிப் வைத்த ஏ-2 ஜக்கெற்றையும் ஏற்றுக்கொண்டது. ஏ-2 முதலில் குதிரைத் தோலில் தைக்கப்பட்டது. போர்க்காலத்தில் ஆட்டுத்தோலும் பெருமளவில் பயன்பட்டது. 1943இல் இராணுவம் புதிய ஏ-2 கொள்வனவை நிறுத்தித் துணி ஜக்கெற்றுக்கு மாறியது. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ஜி-1 வெள்ளாட்டுத் தோலால் ஆனது; அதன் கொலரில் செம்மறி உரோமம் இருக்கும். கடும் குளிரில் மிக உயரத்தில் பறந்த குண்டுவீச்சு விமானங்களின் ஆட்களுக்கு உரோமத்தோடு பதனிட்ட செம்மறித் தோலில் பி-3 என்ற கனத்த அங்கி கொடுக்கப்பட்டது. பிரித்தானிய விமானப்படையில் அந்த இடத்தைப் பிடித்தது இர்வின் ஜக்கெற். அதை உருவாக்கிய லெஸ்லி இர்வின் பரசூட் தயாரிப்பில் பெயர் பெற்றவர்.

இந்த வரலாறு எமது மண்ணையும் தொட்டுச் சென்றது. பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியர் அமைத்தது. திருகோணமலை சீனக்குடாத் தளத்தில் இருந்து 1944 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கப் புறப்பட்டன.

போர் முடிந்ததும் இந்த அங்கிகள் மிகுதிச் சரக்காகப் பொதுமக்களிடம் வந்தன. பின்னர் சினிமா அவற்றை நாகரிகமாக்கியது. 1986இல் வெளிவந்த "டொப் கன்" திரைப்படம் ஜி-1 ஜக்கெற்றுக்குப் புதிய சந்தையையே திறந்துவிட்டது. பழைய அசல்கள் சேகரிப்பாளர் கைக்குப் போய்விட்டதால், அவற்றின் நகல்களே இன்று உலகெங்கும் விற்பனையாகின்றன. பழைய அளவுகளை நூல் பிசகாமல் பின்பற்றும் விலையுயர்ந்த நகல்கள் ஒரு பக்கம். அந்தத் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கிடைத்த பொருளில் தைக்கும் மலிவு நகல்கள் மறுபக்கம். எமது சந்தைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டாவது வகையே.

தோல் என்று எழுதியதெல்லாம் தோலா?

ஒரு விலங்கின் தோலை வெட்டிப் பக்கவாட்டில் பார்த்தால், மேலே நெருக்கமான நார்களும் கீழே போகப் போகத் தளர்ந்த நார்களும் இருக்கும். தோலின் பலம் அந்த மேற்பகுதியில்தான் உள்ளது. இதை மனதில் வைத்தால் சந்தைப் பெயர்கள் எல்லாம் தெளிவாகும்.

முழு மேற்றோல்: மேற்பரப்பைச் சுரண்டாமல், மயிர்த்துளைகளும் சிறு தழும்புகளும் இருந்தபடியே பதனிட்டது. சந்தையில் "ஃபுல் கிரெய்ன்" என்பார்கள். மிகவும் பலமானது, பாவிக்கப் பாவிக்க அழகு கூடும்.

சீர்செய்த மேற்றோல்: தழும்புகளை மறைக்க மேற்பரப்பை இலேசாக உரசி, அதன்மேல் நிறப்பூச்சும் அச்சும் ஏற்றியது. "ரொப் கிரெய்ன்" என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி இதுதான். மலிவு ஜக்கெற்றில் இது கிடைத்தாலே நல்ல பேரம்.

அடித்தோல்: தடித்த மாட்டுத்தோலை இரண்டாகப் பிளக்கும்போது கீழே கிடைக்கும் படை. பலம் குறைவு. இதன்மேல் பிளாஸ்ரிக் படலம் ஒட்டி, மேற்றோல் போல அச்சிட்டு விற்பதுண்டு. சட்டப்படி இதையும் தோல் என்று சொல்ல இடமிருப்பதால், "ஜெனுவின் லெதர்" என்ற முத்திரைக்குள் இது ஒளிந்துகொள்கிறது. அந்த முத்திரை தோல் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். நல்ல தோல் என்று அது சொல்லவில்லை.

அரைத்தோல்: தோல் வெட்டிய கழிவை அரைத்துப் பசையோடு கலந்து துணியில் பரப்பியது. "பொண்டட் லெதர்" என்பது இதுவே. மடிப்பு விழும் இடங்களில் விரைவில் உரியும்.

செயற்கைத் தோல்: எமது ஊர்ப் பேச்சில் ரெக்சின். துணியின்மேல் பிவிசி அல்லது பியூ எனப்படும் பொலியூரிதேன் பூசியது. "பியூ லெதர்", "வீகன் லெதர்", "லெதர் லுக்" என்றெல்லாம் எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் இதுதான்.

சப்பாத்துகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு குறியீட்டு முறை நடைமுறையில் உள்ளது. விரித்த தோலின் வடிவம் இருந்தால் தோல்; அதற்குள் ஒரு சாய்சதுரம் இருந்தால் மேற்பூச்சு ஏற்றிய தோல்; வெறும் சாய்சதுரம் என்றால் வேறு பொருள். உடுப்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்றாலும், சில உற்பத்தியாளர்கள் அதே குறிகளை ஜக்கெற்றிலும் இடுகிறார்கள். உட்பக்கத் துணித்துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் வாசியுங்கள். "100 வீத பொலியெஸ்ரர்" என்று உட்துணியைப் பற்றி மட்டும் எழுதி, வெளிப்புறப் பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

எந்த விலங்கின் தோல்?

சிலருக்கு இது தரத்தைவிட முக்கியமான கேள்வி. மாட்டுத்தோலைத் தவிர்க்கும் சைவர்களும் பன்றித்தோலைத் தவிர்க்கும் முஸ்லிம்களும் கட்டாயம் கேட்க வேண்டும்.

வெள்ளாட்டுத் தோலில் சிறு மணிகள் போன்ற இயற்கைச் சொரசொரப்பு இருக்கும். மெல்லியதாக இருந்தாலும் எளிதில் கிழியாது. விமான ஜக்கெற் நகலுக்கு விலையும் தரமும் ஒத்துவரும் தோல் இதுவே. செம்மறித் தோல் மிக மென்மையானது. தொட்டதும் மனதைக் கவரும். ஆனால் ஆணியிலோ கதவுக் கொக்கியிலோ மாட்டினால் கிழிந்துவிடும். மாட்டுத்தோல் கனமும் உறுதியும் கொண்டது. எருமைத் தோலின் வரிகள் பெரிதாகவும் முரடாகவும் இருக்கும். குதிரைத் தோல் வழுவழுப்பும் விறைப்பும் உள்ளது. மலிவு விலையில் "குதிரைத் தோல்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாகச் சேர்ந்து முக்கோணம் போலத் தெரியும். உட்பக்கத்திலும் பொக்கற் ஓரத்திலும் மட்டும் பன்றித்தோல் வைப்பதுண்டு என்பதால் அங்கேயும் பாருங்கள்.

விலையைக் கணக்குப் பார்த்தல்

கடைக்காரர் சொல்லும் விலை தோலுக்குக் கட்டுப்படியாகுமா என்று நீங்களே கணக்கிடலாம். தோல் உலகெங்கும் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் ஜக்கெற்றுக்கு, வெட்டுக் கழிவையும் சேர்த்து, ஏறத்தாழ 25 முதல் 40 சதுர அடி வரை தேவைப்படும். ஓர் ஆட்டின் தோல் நாலைந்து சதுர அடிதான் வரும். ஆகவே ஒரு ஜக்கெற்றுக்கு ஆறு, ஏழு ஆடுகளின் தோலாவது வேண்டும்.

உதாரணத்துக்கு, பதனிட்ட ஆட்டுத்தோல் சதுர அடி 350 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 30 சதுர அடிக்கு 10,500 ரூபா. இது தோலின் விலை மட்டுமே. உட்துணி, சிப், நூல், தையற்கூலி, ஏற்றுமதிச் செலவு, வரி, கடை வாடகை, வியாபாரியின் இலாபம் எல்லாம் இதற்கு மேலே வரவேண்டும். இந்த நிலையில் "அசல் ஆட்டுத்தோல், புதியது, 8,000 ரூபா" என்று ஒருவர் சொன்னால், எங்கோ ஒரு சொல் பொய்யாக இருக்க வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்கும் முறை

ஜக்கெற்றை அணிந்து கண்ணாடியில் பார்ப்பது கடைசி வேலை. முதலில் வெளிச்சமுள்ள இடத்தில் விரித்து வைத்து, கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மேற்பரப்பு: இயற்கைத் தோலில் மயிர்த்துளைகள் ஒரே சீராக இருக்காது. முதுகுப்பகுதித் தோலும் வயிற்றுப்பகுதித் தோலும் வேறுபடும். ஒரே கோலம் சில அங்குலத்துக்கு ஒருமுறை மாறாமல் திரும்ப வந்தால் அது அச்சிட்டது. பெருவிரலால் அழுத்துங்கள். தோலானால் விரலைச் சுற்றி நுண்ணிய சுருக்கங்கள் ஓடி, விரலை எடுத்ததும் மெல்ல மறையும். ரெக்சின் ஒரு பள்ளமாக இறங்கி உடனே எழும்பும்.

விளிம்பு: பொய் சொல்லாத இடம் இது. பொக்கற்றின் உள்வாய், சிப்பின் ஓரம், கொலரின் அடி ஆகிய இடங்களில் வெட்டிய விளிம்பு தெரியும். தோலானால் அங்கே நார் நாராக இருக்கும். ரெக்சினானால் மேலே ஒரு மெல்லிய படலமும் கீழே நெய்த துணியும் தனித்தனியாகத் தெரியும்.

துண்டுகள்: அசல் ஏ-2 ஜக்கெற்றின் முதுகு ஒரே துண்டுத் தோல். அதற்குப் பெரிய, தழும்பில்லாத தோல் வேண்டும். மலிவு உற்பத்தியாளர் கழிவைக் குறைக்கச் சிறு துண்டுகளை ஒட்டித் தைப்பார். முதுகில் தையற்கோடுகள் கூடக்கூடத் தண்ணீர் உட்புகும் இடங்களும் கூடும். இரண்டு கைகளையும் அருகருகே வைத்து, நிறமும் வரியும் ஒத்துவருகின்றனவா என்றும் பாருங்கள்.

தையல்: துணியில் ஊசித்துளை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. ஓர் அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் போதுமானது. அதற்கு மேல் நெருக்கமாகத் தைத்தால், முத்திரைத் தாளின் ஓரம் போலத் துளைவரிசை உண்டாகி அந்த இடமே கிழியும். தோள் மூட்டையும் அக்குளையும் இரு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூலுக்கிடையில் வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். பொக்கற் மூலைகளில் இரட்டைத் தையல் இருக்க வேண்டும்.

சிப்: மலிவு ஜக்கெற்றில் முதலில் பழுதாவது இதுதான். பித்தளை அல்லது வேறு உலோகச் சிப் நல்லது. பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். நடுவில் இறுகினாலும், பற்கள் பிரிந்தாலும் வேண்டாம். தெரிந்த நிறுவனப் பெயர் இழுவையில் பொறித்திருப்பது நல்ல அறிகுறி என்றாலும், போலிப் பெயரும் உண்டு. ஓட்டிப் பார்ப்பதே உறுதியான சோதனை.

பின்னல் பட்டி: மணிக்கட்டிலும் இடுப்பிலும் உள்ள பட்டி கம்பளி நூலானால் இழுத்து விட்டதும் திரும்பி ஒடுங்கும். முழுக்க அக்ரிலிக் நூலானால் சில மாதங்களில் தளர்ந்து தொங்கும். இது பெரிய குறையல்ல. நல்ல தையற்காரர் ஒருவர் மாற்றித் தருவார். தோல் நல்லதாக இருந்து பட்டி மட்டும் சுமாராக இருந்தால் வாங்கலாம்.

உட்துணி: கையை உள்ளே விட்டு அக்குள் வரை தடவிப் பாருங்கள். உட்துணி இறுக்கமாகத் தைத்திருந்தால் கையைத் தூக்கும்போது கிழியும். பொக்கற் பைத் துணி மெல்லிய நைலோனாக இருந்தால் திறப்பும் சில்லறையும் அதை விரைவில் ஓட்டையாக்கும்.

நிறம்: வெள்ளைக் கைலேஞ்சியைச் சற்று நனைத்து, உட்பக்க ஓரத்தில் பத்துத் தடவை உரசுங்கள். நிறம் அள்ளிக்கொண்டு வந்தால், மழையில் நனையும்போது சேர்ட்டிலும் அது ஊறும்.

தீக்குச்சியால் சுட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது பொருளைக் கெடுக்கும், கடைக்காரரும் சம்மதிக்கமாட்டார். தண்ணீர்த் துளி விட்டுப் பார்ப்பதும் நம்பகமானதல்ல. நன்றாக மெருகேற்றிய உண்மைத் தோலிலும் நீர் உருண்டோடும். மணத்தையும் மட்டும் நம்பவேண்டாம், தோல் மணம் போத்தலில் விற்கப்படுகிறது.

நகல் எவ்வளவு நெருக்கமானது?

வரலாற்று ஆர்வத்தில் வாங்குபவர்கள் இன்னும் சில இடங்களைப் பார்க்கலாம். அசல் ஏ-2 ஜக்கெற்றில் தோளில் பட்டி உண்டு; கொலர் நுனிகள் அழுத்துபட்டனால் கீழே பூட்டப்படும்; தொண்டையில் சிறு கொக்கி இருக்கும்; முன் பொக்கற் இரண்டும் மேலிருந்து மூடும் வாய் கொண்டவை. பக்கவாட்டில் கை நுழைக்கும் பொக்கற் அதில் இல்லை. இன்றைய நகல்களில் அது இருந்தால் வசதிக்காகச் சேர்த்தது, தரக்குறைவல்ல. ஜி-1 ஜக்கெற்றின் முதுகில் தோளோரமாக இரண்டு மடிப்புகள் இருக்கும். கையை முன்னே நீட்டும்போது அவை விரியும். பல மலிவு நகல்களில் அந்த மடிப்பு வெறும் தையற்கோடாக இருக்கும். விரிந்தால் நல்ல தையல் என்று கொள்ளலாம்.

குளிருக்கு இது போதுமா?

பயணம் போகும் குடும்பங்கள் கேட்கவேண்டிய மிக முக்கியமான கேள்வி இது. பதில்: போதாது.

தோல் காற்றைத் தடுக்கும்; வெப்பத்தைத் தேக்கி வைக்காது. வெப்பத்தைத் தேக்குவது உரோமத்துக்குள்ளும் பஞ்சுக்குள்ளும் இறகுக்குள்ளும் அடைபட்ட காற்று. ஏ-2 போன்ற ஜக்கெற் இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும் ஏற்றது. ரொறன்ரோவில் தை மாதத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 10, 15 பாகை வரை இறங்கும் நாட்கள் உண்டு. அந்த நாளில் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைக்குத் தோல் ஜக்கெற் மட்டும் போதாது. 1980களில் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த எமது ஆட்களில், குளிர் என்றால் என்னவென்று அறியாமல் மெல்லிய உடுப்போடு போய் இறங்கியவர்களின் அனுபவத்தை மூத்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மலிவு பிவிசி ரெக்சினுக்குக் குளிரில் இன்னொரு கேடும் உண்டு. அது விறைத்து, மடிப்பில் வெடிக்கும்.

உண்மையில் சூடு தருவது பி-3, இர்வின் வகை உரோம அங்கிதான். ஆனால் மலிவு நகல்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் பொலியெஸ்ரர் உரோமம். உரோமத்தை விரலால் விலக்கி அடியைப் பாருங்கள். தோலில் இருந்து முளைத்திருந்தால் செம்மறி; பின்னல் துணியில் இருந்து முளைத்திருந்தால் செயற்கை.

ஆகவே பணம் குறைவாக இருந்தால் அதைத் தோல் ஜக்கெற்றில் முடக்க வேண்டாம். நல்ல உள்ளாடை, கம்பளி மேற்சட்டை, கால்மேசு ஆகியவற்றை இங்கே வாங்கிக்கொண்டு, கனத்த குளிரங்கியைப் போய்ச் சேர்ந்த நாட்டிலேயே வாங்குவது புத்திசாலித்தனம். அங்கே பாவித்த உடுப்புகள் விற்கும் கடைகளில் நல்ல குளிரங்கிகள் குறைந்த விலையில் கிடைக்கும். அதுவரை சமாளிக்க உறவினர் ஒருவரிடம் இரவல் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சென்னையில் வாங்குவோருக்கு

2019 ஒக்ரோபரில் பலாலி விமானத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் ஆனது. கொரோனாக் காலத்தில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. மருத்துவம், கலியாணச் சேலை, கோயில் என்று போகும் எமது மக்கள் பலர் தோல் பொருளையும் அங்கே தேடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, ஈரோடு, திண்டுக்கல் ஆகியவை நெடுங்காலமாகத் தோல் பதனிடும் ஊர்கள். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட மதராஸ் தோல், முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் சப்பாத்துகளுக்குப் போனது. சென்னையில் குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948 முதல் இயங்குகிறது.

தோல் மொத்த வியாபாரம் நடக்கும் இடம் பெரியமேடு. அங்கே தோலைச் சதுர அடி விலையில் பார்க்க முடியும் என்பதால், மேலே சொன்ன கணக்கைப் போட்டு ஜக்கெற்றின் விலையை ஒப்பிடலாம். அளவு கொடுத்துத் தைப்பிப்பதானால், தோலை நீங்களே பார்த்துத் தெரிவு செய்யுங்கள். எந்த விலங்கின் தோல், எந்தச் சிப், எப்போது கிடைக்கும் என்பதைச் சிட்டையில் எழுதி வாங்குங்கள். முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

இந்தத் தோலுக்கு இன்னொரு விலையும் உண்டு. பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது தொடர்பான வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996இல் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. மாசுபடுத்தியவரே நட்டஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை அத்தீர்ப்பு உறுதிப்படுத்தியது. சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததைக் கண்ட எமக்கு அந்த ஊர் மக்களின் துயரம் விளங்கும். ஒரு நல்ல ஜக்கெற்றை வாங்கி இருபது வருடம் பாவிப்பது, இரண்டு வருடத்துக்கு ஒன்றை வாங்கி எறிவதைவிட எல்லோருக்கும் நல்லது.

இணையத்திலும் இரண்டாம் கையிலும்

இணையத்தில் வாங்கும்போது கையால் தொட முடியாது. ஆகவே நான்கு படங்களைக் கேளுங்கள்: உட்பக்கத் துணித்துண்டின் எழுத்து, பொக்கற் விளிம்பு, சிப்பின் இழுவை, முழு முதுகு. விற்பவர் இவற்றை அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். "மீடியம்", "லார்ஜ்" என்ற சொற்களை நம்பாமல், உங்களுக்குப் பொருந்தும் சேர்ட் ஒன்றை விரித்து, அக்குளில் இருந்து அக்குள் வரை, தோளில் இருந்து தோள் வரை, கைநீளம், முதுகு நீளம் ஆகியவற்றை அளந்து ஒப்பிடுங்கள். உள்ளே கம்பளிச் சட்டை போட இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா, அனுப்பும் செலவு யாருடையது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னர் கேளுங்கள்.

வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பாவித்த ஜக்கெற்றைக் குறைவாக எண்ண வேண்டாம். புதிய ரெக்சினைவிடப் பத்து வருடம் பாவித்த நல்ல தோல் மேலானது. அக்குள், கொலர் மடிப்பு, முழங்கை ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். மேற்பூச்சில் மட்டும் உரசல் என்றால் பரவாயில்லை. மடிக்கும்போது தோலே வெடித்தாலோ, செந்தூள் கொட்டினாலோ அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

எமது காலநிலையில் பேணுவது

"சுவிஸில் இருந்து வந்த ஜக்கெற், ஒருநாளும் போடவில்லை, அலுமாரியில் இருந்தபடியே தோல் உரிந்துவிட்டது" என்று சொல்லும் வீடுகள் எமது ஊர்களில் உண்டு. உரிந்தது தோலல்ல, பியூ படலம். பொலியூரிதேன் காற்றிலுள்ள ஈரத்தால் மெல்ல மெல்ல உடையும் தன்மை கொண்டது. வெப்பமும் ஈரப்பதனும் கூடிய எமது கடற்கரைக் காலநிலையில் அது இன்னும் விரைவாக நடக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் அதற்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். இதைத் தடுக்க எந்த எண்ணெயும் இல்லை.

உண்மைத் தோலுக்கு எதிரி பூஞ்சணம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் மூடிய அலுமாரிக்குள் வெண்பொட்டாகப் படரும். பொலித்தீன் பைக்குள் கட்டி வைக்கவே கூடாது. அகலமான கொளுவியில் தொங்கவிட்டு, பழைய பருத்தி வேட்டியால் மூடி, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விடுங்கள். பூஞ்சணம் பிடித்தால் உலர்ந்த துணியால் வெளியே வைத்துத் துடைத்து, நிழலிலேயே காயவிடுங்கள். நடு வெயிலில் போட்டால் தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கமும் வேண்டாம். அது கறையாகி, நாளடைவில் சிக்கு மணம் வீசி, பூஞ்சணத்துக்கு உணவாகும். தோலுக்கென்று விற்கும் கிறீமை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மிகக் கொஞ்சமாகப் பூசினால் போதும்.

கடைக்குப் போகுமுன் நினைவில் வைக்க

1. உள்ளே தைத்த துணித்துண்டில் வெளிப்புறப் பொருள் என்னவென்று எழுதியுள்ளதா?
2. வெட்டிய விளிம்பில் நார் தெரிகிறதா, துணி தெரிகிறதா?
3. 30 சதுர அடித் தோலின் விலைக்கு மேலே விலை நிற்கிறதா?
4. முதுகு எத்தனை துண்டு? தோள் மூட்டுத் தையலை இழுத்தால் வெளிச்சம் தெரிகிறதா?
5. சிப் பத்துத் தடவையும் தடையின்றி ஓடியதா?
6. ஈரத் துணியில் நிறம் ஒட்டியதா?
7. உள்ளே கம்பளிச் சட்டை போட இடம் உண்டா?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கு "துணி" என்று பதில் வந்தால் மற்றவற்றைக் கேட்கத் தேவையில்லை. ரெக்சினுக்கு ரெக்சின் விலைதான் கொடுக்கலாம். கடைக்காரர் அதை ரெக்சின் என்று சொல்லியே விற்றால் அதில் பிழையும் இல்லை. ஈடு வைத்த காணியின் பணத்தில் தோல் விலை கொடுத்து ரெக்சினை வாங்கிக்கொண்டு போவதைத்தான் தவிர்க்க வேண்டும்.